மீசை மிஸ்ஸுக்குச் சிவப்பு தெரியாது

சிவப்பு எது, பச்சை எது என்று தெரியாத ஒரு மனிதரைப் பிடித்து, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வானவில் பாடம் நடத்த வைத்த பள்ளிக்கூடம் இந்தப் பூலோகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அது போர்ட் பிளேரில், டாலிகஞ்சில், என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நடத்துகிறவள் நான். என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். பெற்றோர்கள் ஏற்கெனவே ஒரு ரவுண்டு முடித்துவிட்டார்கள்.

அவருக்கு மீசை மிஸ் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அதை அவரே மறந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர். இளவட்டமாக இருக்கும்போது அந்தமானுக்கு வந்து, தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் சமையல்காரராகவே காலத்தை ஓட்டியவர். மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. விளக்குமாற்றைப் பிரித்து இரண்டு பக்கமும் ஒட்டியது மாதிரி இருக்கும். எங்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்கிற பெரிய ஆட்கள் எல்லாரும் மிஸ்தான். அதனால் அவரும் மிஸ்.

“மிஸ் இல்ல புள்ளைங்களா, அண்ணாச்சின்னு கூப்பிடுங்க” என்று கொஞ்ச நாள் போராடிப் பார்த்தார். வங்காளிக் குழந்தைக்கு அண்ணாச்சி வாயில் நுழையவில்லை. தெலுங்குக் குழந்தை ‘அன்னாசி’ என்று சொல்லிவிட்டுப் பழம் எங்கே என்று கேட்டது. கடைசியில் மனுஷர் மிஸ்ஸாகவே ஆகிப்போனார். பிறகெல்லாம் யாராவது ‘சார்’ என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவரை என்னிடம் கொண்டுவந்து விட்டது அவருடைய சம்சாரம். ஷாதிபூரிலிருந்து ஆட்டோ பிடித்து, கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

“யம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இவுகளுக்கு ஒரு வேலை குடுங்க. ரிட்டையர் ஆயி வீட்டுல இருக்காக. ரெண்டு பேருக்குச் சாம்பார் வைங்கன்னா கப்பலுக்கே வைக்காக. மிச்சத்தைக் கொண்டுபோயி அக்கம்பக்கத்துல குடுத்தா, மொதல்ல வாங்குனாவ. இப்ப என்னையப் பார்த்தாலே கதவைச் சாத்துதாவ.”

அவர் பக்கத்தில் நின்று, “சாம்பார்னா கொஞ்சம் தாராளமா இருக்கணும்லா?” என்றார்.

பிள்ளைகளுக்குச் சுண்டல், உப்புமா பண்ண ஆள் தேவைப்பட்டது. வைத்துக்கொண்டேன். கப்பலை விட்டு இறங்கினாரே தவிர, கப்பல் அவரை விட்டு இறங்கவில்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டுதான் சுண்டல் பரிமாறுவார், தரை ஆடினால் விழாமல் இருக்க. சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் குறுக்கே கயிறு கட்டினார். அதோடு விட்டாரா? வகுப்பறையில் இருந்த பசை பாட்டில், பெயிண்ட் பாட்டில் எல்லாவற்றையும் கட்டிப்போட்டார்.

“அண்ணாச்சி, இது வீடு. ஆடாது.”

“பூமி ஆடுனா வீடும் ஆடும்லா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு பசை பாட்டிலை எடுக்க நான் முடிச்சவிழ்த்து நிற்க வேண்டியிருந்தது. சரியாக அந்த மாதமே ஒரு நில நடுக்கம் வந்து தொலைத்தது. இங்கே அது அடிக்கடி வருகிறதுதான். மாடியில் என் கண்ணாடிச் சாமான் பாதி போயிற்று. கீழே ஒரு பாட்டில்கூட அசையவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இனி வானவில் கதைக்கு வருகிறேன். மழைக்காலம் ஆரம்பித்ததும் எங்கள் பள்ளியில் வானவில் வாரம் நடக்கும். சாயம் போட்ட அரிசியை வளைவாக ஒட்டுவது, காகிதத் தட்டைப் பாதியாக வெட்டி ரிப்பன் தொங்கவிட்டுப் பஞ்சு மேகம் வைப்பது, பாட்டில் மூடிகளை நிறம் நிறமாகப் பிரிப்பது, கையைப் பெயிண்டில் முக்கிச் சுவரில் அப்புவது. கடைசியது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை, அவர்களாகவே செய்வார்கள். சனிக்கிழமை பெற்றோர் வந்து எல்லாவற்றையும் பார்த்துக் கைதட்டுவார்கள்.

இதையெல்லாம் நடத்த ஒரு கிராஃப்ட் மிஸ் உண்டு. அந்த வருஷம் அவள் அக்கா கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போனாள். கல்யாணம் நேரத்துக்கு நடந்தது. கப்பல்தான் நேரத்துக்குக் கிளம்பவில்லை. கடல் சரியில்லை என்று சென்னையிலேயே நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை காலை சாயம் போட்ட அரிசி ஏழு தட்டில் தயாராக இருக்கிறது, குழந்தைகள் தயாராக இருக்கிறார்கள், மிஸ் இல்லை. மாடியில் எனக்குப் பெற்றோர் ஒருத்தர் காத்திருக்கிறார். வேறு வழியில்லாமல், “அண்ணாச்சி, கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க, வந்துடுறேன்” என்று விட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து கதவோரமாக நின்று பார்த்தால், அவர் சம்மணம் போட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிடி அரிசியை அள்ளி, மீசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை இடுக்கிப் பார்க்கிறார்.

“ஏ குட்டி, இது என்ன கலரு? தேக்கோ, நல்லாப் பார்த்துச் சொல்லு.”

“லால்!” என்று கூரை அதிர ஒரு சத்தம். எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் இங்கே வகுப்பில் இந்திதான். லால் என்றால் சிவப்பு.

“நிஜமாவா?”

“சச்சி, மிஸ்!”

“என் மேல சத்தியமா?”

அத்தனை குழந்தைகளும் எழுந்து போய் அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தன. அவர் திருப்தியாகத் தலையாட்டி, “அப்பச் சரி, ஒட்டுங்க” என்றார்.

நான் அசந்துபோனேன். எனக்கு ஒரு பயிற்சி வகுப்பில், ‘குழந்தைகளுக்கு நாம் பதில் சொல்லக் கூடாது, அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையேதான் நானும் வருஷக்கணக்காகச் செய்கிறேன். நான் கேட்டால் குழந்தைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ‘ரெட்டு’ என்று இழுக்கும். இவர் கேட்டால் முட்டி மோதிக்கொண்டு சொல்கின்றன. உடனே வீடியோ எடுத்து, ‘மீசை மிஸ்ஸின் புதுமையான கற்பிக்கும் முறை’ என்று எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயமாகக் கொட்டினார்கள். தியா என்கிற குழந்தையின் அப்பா மட்டும் மூன்று இதயம் போட்டார்.

மறுநாள் ரிப்பன் வேலை. நான் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, அந்தச் சிவப்பு ரிப்பனை எடுங்க” என்றேன். யோசித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பச்சை.

“சிவப்பு, அண்ணாச்சி.”

இன்னொன்றை எடுத்தார். ஆரஞ்சு.

“விளையாடாதீங்க அண்ணாச்சி, பசை காயுது!”

பக்கத்தில் இருந்த வங்காளிக் குழந்தை ஒன்று எழுந்து, சிவப்பு ரிப்பனை எடுத்து அவர் கையில் திணித்தது. பிறகு என்னைப் பார்த்து, பெரிய மனுஷி மாதிரி, “மிஸ் கோ நஹி மாலூம். ஹம் லோக் ஹை நா” என்றது. மிஸ்ஸுக்குத் தெரியாதாம், அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்களாம். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் போனதும் சமையலறையில் பிடித்துக்கொண்டேன்.

“உண்மையாவே தெரியாதா?”

“தெரியாதும்மா. பொறந்ததுல இருந்தே. சிவப்பும் பச்சையும் எனக்கு அண்ணந்தம்பி மாதிரி, யாரு எவம்னு பிடிபடாது. சுக்கான் பிடிக்கணும்னுதான் கப்பலுக்கு வந்தேன். ராத்திரியில எதுத்தாப்புல வர்ற கப்பல்ல சிவப்பு லைட்டு இந்தப் பக்கம், பச்சை லைட்டு அந்தப் பக்கம். அதைப் பார்த்துத்தான் திருப்பணும். டாக்டரு புள்ளி புள்ளியாப் போட்ட ஒரு புஸ்தகத்தைக் காட்டுனாரு. என்ன நம்பர்னு கேட்டாரு. மூணுன்னேன். எட்டுங்காரு. எனக்கு மூணுதாம்மா தெரியுது! சரி, அஞ்சுன்னு வெச்சுக்கிடுவோம் சார்னேன். அவரு எறங்கியே வரல. போயி அடுப்பைப் பாருன்னுட்டாவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்.

“தக்காளி பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“தொட்டுப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். மிளகாயைக் கடிச்சுப் பார்ப்பேன்.”

“வானவில்?”

“அதை எங்க போயிக் கடிக்க? எனக்கு மஞ்சளும் நீலமும் ரெண்டு கோடுதாம்மா தெரியும். மிச்சத்தை ஆளுங்க சொல்லி நம்புறதுதான்.”

அன்றே அவரை வகுப்பிலிருந்து நிறுத்தியிருக்க வேண்டும். எந்தப் புத்தியுள்ள பொம்பளையும் அதைத்தான் செய்வாள். ஆனால் கப்பல் இன்னும் சென்னையில் நிற்கிறது. அதோடு, அந்த வாரம் வகுப்பில் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வெறுமனே ‘லால்’ என்றால் அவர் விட மாட்டார். “லால்னா எப்படி இருக்கும்? எனக்குப் புரியுத மாதிரிச் சொல்லு” என்பார். தியா நெடுநேரம் யோசித்துவிட்டு, “அம்மா கத்துற மாதிரி” என்றாள். பச்சை எப்படி என்றதற்கு, “தூக்கம் வர்ற மாதிரி” என்றது ஒன்று. “ஈரமா” என்றது இன்னொன்று. ஈரமா, தூக்கமா என்று இரண்டுக்கும் கைகலப்பாகி நான் போய் விலக்கினேன். அவர் சமையல்காரர் அல்லவா, ஒவ்வொரு நிறத்துக்கும் சமையலறையிலிருந்து ஒரு சாமானை எடுத்துவந்து வரிசையாக வைத்துக்கொண்டார். தக்காளி, கேரட், மஞ்சள்தூள், கீரை, வாசலில் பூத்த சங்குப்பூ, நாவல்பழம், கத்தரிக்காய். குழந்தைகள் வானவில்லை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டன. வீட்டுக்குப் போய் ஆளாளுக்கு அப்பாவின் சட்டையைப் பிடித்து, ‘இது கீரை, இது கத்தரிக்காய்’ என்று ஆரம்பித்தன. ஓர் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்ப, மகன் ‘நாவப்பழம் நல்லாருக்கு’ என்றானாம். அதுவரைக்கும்கூட யாரும் கோபிக்கவில்லை.

குட்டு உடைந்தது தியாவால். ஒருநாள் வீட்டில் பெருமை பொங்க, “எங்க மிஸ்ஸுக்கு சிவப்பு தெரியாது. நான்தான் சொல்லிக் குடுக்கறேன்” என்று சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டென்ட். மதுரைக்காரர். மறுநாள் காலை பேன்ட் மடிப்புக் கலையாமல் வந்து நின்றார்.

“மேடம், என் பொண்ணு சொல்றது நிஜமா? கலர் தெரியாத ஆளையா கலர் சொல்லித்தர வெச்சிருக்கீங்க? நாளைக்கு எண்ணத் தெரியாதவரைக் கூட்டிட்டு வந்து கணக்கு எடுக்கச் சொல்வீங்களா?”

“சார், பிள்ளைங்க நல்லாத்தான் கத்துக்கிறாங்க...”

“என்னத்தைக் கத்துக்கிறாங்க? ஸ்கூட்டரைப் பார்த்துக் கேரட்ங்கறா! பெரிய ஸ்கூல்ல இன்டர்வியூ வருது மேடம். அங்க போயி கத்தரிக்கான்னா சீட்டுக் குடுப்பானா?”

சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது. இதயம் போட்ட அதே ஆட்கள் கேள்விக்குறியாகப் போட்டார்கள். சனிக்கிழமை வருவோம், அவரை நீக்கினால் பிள்ளைகள் இருப்பார்கள், இல்லையென்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்கிறோம் என்று தியாவின் அப்பா எழுத, வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது.

நான் தயங்கித் தயங்கி அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

“சரிம்மா. அவங்க சொல்லுததும் நியாயம்தான்” என்றார். பாத்திரத்தை மூடிவிட்டு, “கப்பல்ல அந்தப் புஸ்தகத்தைக் காட்டி அடுப்படிக்கு அனுப்புனாவ. சின்ன வயசு, தாங்கிக்கிட்டேன். இப்ப இந்தப் புள்ளைங்ககிட்டயிருந்தும் என்னையப் பிரிக்குறது அதே சிவப்பு, அதே பச்சைதானா?” என்றார். பிறகு, “நாளைக்கு உப்புமாவா, பொங்கலாம்மா?” என்று கேட்டார். எதையாவது பண்ணுங்கள் என்று எரிந்து விழுந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நானே வகுப்பெடுத்தேன். பாட்டில் மூடிகளைக் கொட்டி, “இது என்ன கலர்?” என்று கேட்டேன். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்.

சனிக்கிழமை பெற்றோர் நிரம்பிவிட்டார்கள். சுவரெல்லாம் வானவில், ஒருவர் கண்ணும் அதில் இல்லை. நான் பேச ஆரம்பிக்கும் முன்பே தியாவின் அப்பா எழுந்து, சட்டைப் பையிலிருந்து வண்ண அட்டைகளை எடுத்தார். வீட்டிலேயே வெட்டித் தயாராகக் கொண்டுவந்திருக்கிறார், ஆபீஸ்காரர் இல்லையா.

“எல்லாரும் பாருங்க. இந்த வாரம் என்ன படிச்சாங்கன்னு இப்பத் தெரிஞ்சிரும். தியா, இங்க வா. இது என்ன கலர்?”

தியா அட்டையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதாப்பா?”

“எனக்குத் தெரியும்டா. நீ சொல்லு.”

“தெரிஞ்சா ஏன் கேக்குறீங்க?”

பின்வரிசையில் ஓர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தார். அவர் விடவில்லை. அடுத்த அட்டை, அதற்கடுத்த அட்டை. தியா வாயை இறுக்க மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். “பார்த்தீங்களா மேடம், ஒண்ணுமே தெரியல” என்றார் என்னிடம். வெற்றிதான், ஆனால் பெற்ற மகள் அத்தனை பேர் முன்னால் ஊமையாக நின்றதில் அவர் முகமும் சுருங்கிப்போயிருந்தது. குனிந்து, கெஞ்சுகிற குரலில், “சரிடா, அப்பாவுக்குத் தெரியாதுன்னே வெச்சுக்கோ. சொல்லேன்” என்றார்.

அவ்வளவுதான். தியாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

“அப்பாவுக்கும் தெரியாதா!” என்று கத்தினாள். “ஏய், எங்க அப்பாவுக்கும் தெரியாதாம்! அப்பா கோ பி நஹி மாலூம்!”

குழந்தைகள் மொத்தமாக எழுந்தன. இரண்டு மூன்று ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைப் படபடவென்று தட்டின. அண்ணாச்சி என்னவோ ஏதோ என்று பதறி, கரண்டியோடு கதவைத் திறந்தார். அவரை ஒரு கூட்டம் இழுத்துவந்தது. சூப்பிரண்டென்டை இன்னொரு கூட்டம் இழுத்தது. இரண்டு பேரையும் குட்டி நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, எதிரே நின்றுகொண்டு பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

“யே லால் ஹை. அம்மா கத்துற மாதிரி.”

பின்வரிசையில் தியாவின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

“இது ஆரஞ்சு. கேரட்டுல இருக்கும், சாயங்காலம் படகுத்துறைக்குப் போனா வானத்துலயும் இருக்கும். இது மஞ்சள், மிஸ்ஸுக்கு இது தெரியும். இது பச்சை, ஹரா, ஈரம்.”

“தூக்கம்!”

“ஈரம்! இது நீலா, இதுவும் மிஸ்ஸுக்குத் தெரியும். இது அதோட அண்ணன், கொஞ்சம் கருப்பா இருப்பான். இது ஊதா. ராத்திரி வர்றதுக்கு முன்னாடி வானம் கொஞ்ச நேரம் ஊதாவா இருக்கும்.”

ஒன்றுகூடத் தப்பில்லை. அட்டையைக் கலைத்துக் கலைத்துச் சொன்னார்கள். தியா இடையிடையே அப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, “புரிஞ்சுதா? மறுபடி சொல்லவா?” என்று கேட்டாள். நாற்காலியில் முட்டி காதைத் தொட உட்கார்ந்திருந்த அந்த மனிதர், “ம், சொல்லு” என்றார். மறுபடி சொன்னாள். அதற்கப்புறமும் அவர் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “வீட்டுல எங்கிட்ட இவ இவ்வளவு பேசுனதே இல்ல மேடம்” என்றார். பிறகு அண்ணாச்சியிடம் போய் நின்றார். அண்ணாச்சிதான், “பொங்கல் இருக்கு சார், சாப்பிட்டுட்டுப் போங்க, நெறைய இருக்கு” என்றார். இருந்தது. எல்லாருக்கும் கொடுத்து, டாலிகஞ்சில் பாதிப் பேருக்குக் கொடுத்து, அப்படியும் மிச்சம் இருந்தது.

கிராஃப்ட் மிஸ் கப்பல் பிடித்து வந்து சேர்ந்தாள். வெட்டுவது ஒட்டுவது அவள், நிறம் மட்டும் மீசை மிஸ் என்று ஏற்பாடாயிற்று. இன்டர்வியூவில் தியா என்ன செய்தாள் என்கிறீர்களா? அட்டையைக் காட்டிக் கேட்ட அம்மாளிடம், “உங்களுக்கும் தெரியாதா? பயப்படாதீங்க” என்றாளாம். சீட்டுக் கிடைத்துவிட்டது.

இந்த வருஷ மழைக்கு அண்ணாச்சி இங்கே இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று சம்சாரத்தோடு தூத்துக்குடி போயிருக்கிறார். போன வாரம் வகுப்பு நடக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. மொட்டை மாடியில் நிற்கிறார், காற்றில் மீசை பறக்கிறது.

“யம்மா, இங்க வானவில் வந்திருக்காம். புள்ளைங்க இருக்காவளா? கொஞ்சம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.”

“அண்ணாச்சி, உங்க வீட்டுல அத்தனை பேர் இருக்காங்களே, கேட்கக் கூடாதா?”

“கேட்டேம்மா. ஏழு கலரும் இருக்குன்னுட்டு உள்ள போயிட்டாவ.”

போனைக் குழந்தைகள் பக்கம் திருப்பினேன். திரையில் வானவில் சரியாகத் தெரியக்கூட இல்லை, வெளுத்த ஒரு கோடுதான். ஆனாலும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, கத்திக் கத்தி, ஒவ்வொரு நிறமாக அவருக்குச் சொல்லின. அவர் அண்ணாந்து பார்த்தபடி, “நிஜமாவா? நிஜமாவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கை வலித்தது. போனை மாற்றிப் பிடிக்கவும் மனசு வரவில்லை. அந்த மனுஷர் சீக்கிரம் வந்து சேர்ந்தால் நன்றாக இருக்கும்.